ஜப்பான் அஞ்சலகம்: தகராறு கடிதத்துக்கா, காசுக்கா?

‘தேசிய அஞ்சல் சேவையைத் தனியார்மயமாக்குவது சரியா?’ என்று ஒரு கேள்வி வந்தால் நம் மாணவர்கள் என்ன எழுதுவார்கள் என்பது தாள் திருத்துகிற ஆசிரியர்களுக்கு நன்றாகவே தெரியும். நன்மை மூன்று, தீமை மூன்று, கடைசியில் ‘எதுவும் அளவோடு இருந்தால் நல்லது’. கொஞ்சம் மதிப்பெண் கிடைக்கும், அவ்வளவுதான். வரலாற்றுக் கேள்விக்கு அது பதில் ஆகாது. சண்டை போட்டவர்கள் உண்மையில் எதற்காகச் சண்டை போட்டார்கள் என்பதைத்தான் நீங்கள் முதலில் தேட வேண்டும். அதைத் தேடிப் பழக, ஜப்பானைப் போல நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம். 2005இல் இந்த ஒரு விஷயத்துக்காக அங்கே மக்களவையையே கலைத்துத் தேர்தல் நடத்தினார்கள்.

கதை 1871இல் தொடங்குகிறது. மாயெஜிமா ஹிசோகா என்ற அதிகாரியின் திட்டப்படி தோக்கியோ, கியோத்தோ, ஒசாகா நகரங்களுக்கு இடையே அரசு அஞ்சல் ஓடத் தொடங்கியது. நாடு முழுவதும் அஞ்சலகம் கட்டப் புதிய மெய்ஜி அரசிடம் பணம் இல்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? ஊரில் வசதியாக இருந்த குடும்பங்களிடம் போய், “உங்கள் வீட்டில் ஓர் அறையைக் கொடுங்கள், உங்களையே அஞ்சலகத் தலைவர் ஆக்குகிறோம்” என்ற வகையில் ஏற்பாடு செய்தார்கள். பதவி வந்தது, ஊரில் மரியாதையும் வந்தது. அப்பாவுக்குப் பிறகு மகன் என்று அந்தப் பதவி பல இடங்களில் குடும்பச் சொத்து மாதிரி ஆகிவிட்டது. நூற்றாண்டு கடந்தும் ஜப்பானின் 24,000க்கும் மேற்பட்ட அஞ்சலகங்களில் ஏறக்குறைய முக்கால் பங்கு இந்த வகையைச் சேர்ந்தவையே. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1875இல் மாயெஜிமா இன்னொன்றும் செய்தார். பிரிட்டனைப் பார்த்து அஞ்சலகச் சேமிப்பைத் தொடங்கினார். 1916இல் ஆயுள் காப்புறுதியும் சேர்ந்தது. ஆக, தபால்காரர் கடிதமும் கொண்டு வருவார், கிராமத்துப் பாட்டியின் சேமிப்புப் பணத்தையும் வாங்கிக்கொண்டு போவார்.

நம் வட்டாரத்திலும் அஞ்சலகச் சேமிப்பு இருந்ததுதான். ஆனால் மலேசியாவில் அது 1974இலேயே பிரிந்து பேங்க் சிம்பானான் நேஷனல் ஆனது. சிங்கப்பூரில் பிஓஎஸ்பி 1972இல் தனி வாரியமாகி, 1998இல் டிபிஎஸ் வங்கியிடம் போனது. இரண்டு நாடுகளிலும் அஞ்சல் துறை 1992இல் நிறுவனமாக மாறியபோது சேமிப்புப் பணம் ஏற்கெனவே வேறு கையில் இருந்தது. ஜப்பானில் அப்படிப் பிரிக்கவில்லை. வித்தியாசம் இங்கேதான் தொடங்குகிறது.

2005 வாக்கில் ஜப்பான் அஞ்சலகத்தின் சேமிப்பும் காப்புறுதியும் சேர்ந்து சுமார் 350 டிரில்லியன் யென். நம் எண்ணில் சொன்னால் 350 இலட்சம் கோடி! ஜப்பானியக் குடும்பங்களின் மொத்த நிதிச் சொத்தில் கால் பங்கு. உலகத்தில் வேறு எந்த நிதி நிறுவனத்திலும் அவ்வளவு வைப்புப் பணம் இல்லை என்று அப்போது சொன்னார்கள். இந்தப் பணம் சும்மா கிடக்கவில்லை. 2001 வரை சேமிப்புப் பணத்தை நிதியமைச்சிடம் கட்டாயமாக ஒப்படைக்க வேண்டும். அமைச்சு அதை நெடுஞ்சாலை, பாலம், அணை, வீட்டுக் கடன் என்று அரசு நிறுவனங்களுக்குக் கடனாகக் கொடுத்தது. இதற்கு ‘இரண்டாவது வரவு செலவுத் திட்டம்’ என்றே பட்டப்பெயர் இருந்தது. போருக்குப் பிறகு நாட்டைக் கட்டியெழுப்பியதில் இந்தப் பணத்துக்குப் பெரிய பங்கு உண்டு, அதை மறுக்க முடியாது. ஆனால் பிற்காலத்தில் வாகனம் அதிகம் ஓடாத சாலைகளுக்கும் இதே பணம்தான் போனது.

இப்போது அந்த அஞ்சலகத் தலைவர்களுக்குத் திரும்பி வருவோம். ஊரில் எல்லாரையும் தெரிந்தவர், எல்லாரும் நம்புகிறவர். தேர்தல் நேரத்தில் ஓர் அரசியல் கட்சிக்கு இவரைவிட வேறு யார் வேண்டும்? அரசு ஊழியர் என்பதால் அவர் நேரடியாகப் பிரசாரம் செய்யக்கூடாது. ஆனால் ஓய்வு பெற்றவர்களும் குடும்பத்தாரும் செய்வார்கள். 1957இல் 39 வயதில் அஞ்சல் அமைச்சரான தனகா ககுவேய் இந்த வகை அஞ்சலகங்களைப் பெருக்கினார். அவர் பிறகு பிரதமரும் ஆனார். ஆளும் லிபரல் ஜனநாயகக் கட்சியில் அவர் வளர்த்த அணிக்கு அஞ்சலக ஓட்டு ஒரு தூணாக நின்றது. ஒரு பக்கம் பணம், இன்னொரு பக்கம் ஓட்டு. இரண்டும் ஒரே கவுண்டரில்.

அந்த அணிக்கு எதிரணியில் வளர்ந்தவர்தான் கொய்சுமி ஜுனிச்சிரோ. 1992இல் அவரே அஞ்சல் அமைச்சராக இருந்தவர், அப்போதே அஞ்சலகத்தைத் தனியாருக்கு விட வேண்டும் என்று பேசியவர்! கட்சித் தலைமைக்கு 1995, 1998 என்று இரண்டு தடவை போட்டியிட்டுத் தோற்று, 2001இல் வென்று பிரதமரானார். அரசுக்கு அடங்கிய இந்தப் பெரும் பணத்தைச் சந்தைக்குக் கொண்டுவர வேண்டும், இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட அஞ்சல் ஊழியர்கள் அரசு ஊழியர்களாக இருக்கத் தேவையில்லை என்பது அவர் வாதம்.

எதிர்த்தவர்கள் சும்மா ஓட்டுக்காகக் கத்தினார்கள் என்று எழுதிவிடாதீர்கள். அவர்களிடமும் வலுவான வாதம் இருந்தது. அஞ்சல் ஊழியர் சம்பளம் வரிப்பணத்திலிருந்து வரவில்லை, அஞ்சலக வருமானத்திலிருந்துதான் வந்தது. அப்படியிருக்க, ஊழியரைக் குறைத்தால் அரசுக்கு என்ன மிச்சம்? மலைக் கிராமத்திலும் தீவிலும் வங்கி கிடையாது; அஞ்சலகம் மூடினால் அங்கே உள்ள முதியவர் ஓய்வூதியம் எடுக்க எங்கே போவார்? இவையெல்லாம் நியாயமான கேள்விகள். ஆனால் இவற்றிலும் பாதிக்கு மேல் கடிதத்தைப் பற்றியது அல்ல என்பதைக் கவனித்தீர்களா?

கடிதத்தின் கதை வேறு மாதிரி இருந்தது. 2003இல் கடித விநியோகத்தைத் தனியாருக்கும் திறந்துவிட்டார்கள். ஆனால் நாடு முழுவதும் சுமார் ஒரு இலட்சம் தபால்பெட்டி வைக்க வேண்டும் என்று நிபந்தனை. பொட்டல விநியோகத்தில் பெரிய நிறுவனமான யமத்தோ, இந்த நிபந்தனையோடு வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டது. கதவு திறந்தும் உள்ளே யாரும் வரவில்லை!

2005 ஜூலை 5ஆம் நாள் மக்களவையில் மசோதா 233க்கு 228 என்ற கணக்கில் நூலிழையில் தப்பியது. ஆளும் கட்சியினர் 37 பேரே எதிர்த்து வாக்களித்திருந்தார்கள். ஆகஸ்டு 8ஆம் நாள் மேலவையில் 125க்கு 108 என்று தோற்றது. மேலவையைக் கலைக்கச் சட்டத்தில் இடமில்லை. கொய்சுமி அன்றே மக்களவையைக் கலைத்தார். மேலவை தோற்கடித்ததற்கு மக்களவைக்குத் தண்டனையா என்று சொந்தக் கட்சியிலேயே கேட்டார்கள். கலைப்புக்குக் கையெழுத்துப் போட மறுத்த விவசாய அமைச்சரை அங்கேயே பதவி நீக்கினார். அன்றிரவு பேசும்போது கலிலியோவை இழுத்தார்: எல்லாரும் மறுத்தாலும் பூமி சுற்றத்தான் செய்கிறது என்ற பொருளில். கொஞ்சம் மிகைதான், ஆனால் மக்களுக்குப் பிடித்திருந்தது.

எதிர்த்து வாக்களித்த 37 பேருக்கும் கட்சிச் சின்னம் இல்லை. அவர்கள் தொகுதியில் புதிய வேட்பாளர்களை இறக்கினார். பத்திரிகைகள் இவர்களைக் ‘கொலையாளிகள்’ என்றே அழைத்தன. செப்டம்பர் 11ஆம் நாள் தேர்தலில் 480 இடங்களில் 296 அவர் கட்சிக்கு. கூட்டணிக் கட்சியையும் சேர்த்தால் 327. இது மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டியது, அதாவது மேலவை மறுபடி மறுத்தாலும் அதை மீறிச் சட்டம் இயற்றலாம். அதற்கு அவசியம் வரவில்லை. ஆகஸ்டில் எதிர்த்தவர்களில் பலர் அக்டோபரில் கை தூக்கினார்கள்; மேலவையில் 134க்கு 100 என்று நிறைவேறியது. முன்பு அஞ்சல் அமைச்சராக இருந்து, மசோதாவை எதிர்த்து, கட்சி இறக்கிய வேட்பாளரையும் தோற்கடித்து வந்த நோதா செய்கோவும் இம்முறை ஆதரித்தே வாக்களித்தார்.

தேர்வு எழுதுகிறவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘ஜப்பான் 2007இல் அஞ்சலகத்தைத் தனியாருக்கு விற்றது’ என்று எழுதினால் தவறு. 2003இல் அது அரசுக் கழகம் ஆனது. 2007 அக்டோபர் 1ஆம் நாள் ஒரு தாய் நிறுவனமும் அதன்கீழ் விநியோகம், கவுண்டர், வங்கி, காப்புறுதி என நான்கு நிறுவனங்களும் ஆனது. ஆனால் பங்கு முழுவதும் அரசிடம்தான். 2009இல் ஆட்சி மாறியதும் பங்கு விற்பனையை நிறுத்திவைத்தார்கள். 2012இல் சட்டத்தைத் திருத்தி, விநியோகத்தையும் கவுண்டரையும் மறுபடி ஒன்றாக்கினார்கள். 2015 நவம்பரில்தான் பங்குகள் முதன்முதலாகச் சந்தைக்கு வந்தன. நிறுவனமயமாக்கல் வேறு, தனியார்மயம் வேறு.

சரி, யார் சொன்னது பலித்தது? அஞ்சலகங்கள் கூட்டம் கூட்டமாக மூடப்படும் என்ற அச்சம் பலிக்கவில்லை. இன்றும் சுமார் 24,000 இருக்கின்றன. ஆனால் 2007க்குப் பிறகு தபால்காரர் பாட்டியின் பணத்தை வாங்கிக்கொண்டு போக முடியவில்லை. அவர் ஒரு நிறுவனம், வங்கி வேறு நிறுவனம். சந்தைக்கு வரும் என்று சொன்ன பணமும் பல ஆண்டுகள் பெரும்பகுதி அரசுப் பத்திரத்திலேயே கிடந்தது.

2019இல் வெளிவந்தது இன்னும் மோசம். விற்பனை இலக்கை எட்டுவதற்காக அஞ்சலக ஊழியர்கள் வாடிக்கையாளர்களிடம், குறிப்பாக முதியவர்களிடம், தேவையில்லாத காப்புறுதி மாற்றங்களைத் திணித்திருந்தார்கள். சிலர் பழையதற்கும் புதியதற்கும் இரட்டிப்புச் சந்தா கட்டியிருந்தார்கள். மூன்று நிறுவனத் தலைவர்களும் பதவி விலகினார்கள். ஊர் அஞ்சலகம் என்று கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்ட நம்பிக்கை, மெய்ஜி காலத்திலிருந்து சேர்த்து வைத்தது.

கடிதமோ தன்பாட்டுக்குக் குறைந்துகொண்டே போனது. 2001இல் ஆண்டுக்குச் சுமார் 2,600 கோடி அஞ்சல்கள். 2023இல் ஏறக்குறைய பாதி. 2021இல் சனிக்கிழமை விநியோகத்தை நிறுத்தினார்கள். 2024 அக்டோபரில் 84 யென் கடிதக் கட்டணம் 110 யென் ஆனது. கொய்சுமி வென்றிருந்தாலும் தோற்றிருந்தாலும் கடிதத்தின் கதி இதுவாகத்தான் இருந்திருக்கும் என்பது என் கருத்து. நீங்கள் மறுக்கலாம், ஆனால் சான்றோடு மறுங்கள்.

ஆசிரியர்கள் வகுப்பில் இதே கேள்வியை நம் நாட்டுக்கும் போட்டுப் பார்க்கலாம். மலேசியாவில் 2011இல் கஸானா தன்னிடமிருந்த போஸ் மலேசியா பங்கை டிஆர்பி-ஹைகோமுக்கு விற்றது. சேமிப்பு வங்கி அங்கே இல்லை, ஓட்டு சேர்க்கும் பரம்பரை அஞ்சலகத் தலைவர்களும் இல்லை. அப்படியென்றால் வாங்கியவர் எதை வாங்கினார்?