பப்பி லினக்ஸ்

பப்பி லினக்ஸ் என்பது ஹார்டு டிஸ்க்கில் நிறுவாமல், பென் டிரைவிலிருந்தோ சிடியிலிருந்தோ நேரடியாக இயக்கத்தக்க சிறிய லினக்ஸ் இயங்குதளம். ஆஸ்திரேலியரான பேரி கௌலர் உருவாக்கிய இதன் முதல் பதிப்பு 2003 ஜூனில் வெளிவந்தது. அவர் வளர்த்த சிவாவா இன நாயிடமிருந்து பெயர் வந்தது.

முன்னோடிகள்

சிடியிலிருந்தே லினக்ஸை இயக்கும் முயற்சி 1992இல் இக்டிராசில் லினக்ஸுடன் தொடங்கியது. அதைப் பரவலாக்கியது, ஜெர்மானியரான கிளாஸ் நாப்பர் 2000இல் வெளியிட்ட நாப்பிக்ஸ். ஏறத்தாழ 2 ஜி.பி. மென்பொருளை அவர் சுருக்கி ஒரே சிடியில் அடக்கினார். ஆனால் சிடியில் எழுத இயலாததால், கணினியை அணைத்ததும் அமைப்புகளும் கோப்புகளும் மறைந்தன; அவற்றைக் காக்க வேறொரு வட்டு வேண்டியிருந்தது.

செயல்படும் முறை

பப்பியில், கணினி பூட் ஆகும்போது, சுருக்கப்பட்ட ஒற்றைக் கோப்பாக உள்ள இயங்குதளம் ரேமுக்கு ஏற்றப்படுகிறது. ரேம் வட்டைவிடப் பல மடங்கு வேகமானது என்பதால் பழைய கணினிகளும் சுறுசுறுப்பாக இயங்குகின்றன. மூலக் கோப்பில் எதுவும் எழுதப்படுவதில்லை. பயனர் செய்யும் மாற்றங்கள் அதன்மேல் தனி அடுக்காக அமர்கின்றன. முதல்முறை அணைக்கும்போது, அந்த அடுக்கைச் சேமிப்புக் கோப்பாக வைத்துக்கொள்ளலாமா என்று பப்பி கேட்கிறது; மீண்டும் எழுதத்தக்க சிடியிலும் அதைச் சேர்த்து எழுத முடிந்தது.

பென் டிரைவுக்கு இந்த முறை மிகவும் பொருந்தியது. ஃபிளாஷ் நினைவகம் எழுத எழுதத் தேயக்கூடியது. பப்பியோ மாற்றங்களை முதலில் ரேமில் வைத்திருந்து, இடைவெளி விட்டும் அணைக்கும்போதும் மட்டுமே டிரைவில் எழுதுகிறது. இடையில் மின்சாரம் போனால், கடைசியாக எழுதியதற்குப் பின் செய்த வேலை இழப்பாகும்.

பயனர் இயல்பாகவே ரூட் (முழு நிர்வாக) உரிமையுடன் இயங்குவது பாதுகாப்பற்றது என்ற விமர்சனம் தொடக்கத்திலிருந்தே உண்டு. மூலக் கோப்பு மாறாததால், சேமிப்புக் கோப்பை நீக்கினால் புதிய பப்பி கிடைத்துவிடும் என்பது ஆதரவாளர்களின் பதில். ஆனால் கணினியின் மற்ற வட்டுகளுக்கு அந்தக் காப்பு இல்லை.

பிற்கால வளர்ச்சி

2007இல் வந்த மூன்றாம் பதிப்பு ஸ்லாக்வேர் 12 என்ற மற்றொரு லினக்ஸின் மென்பொருள்களோடு பொருந்துமாறு அமைந்தது. 2008இன் நான்காம் பதிப்பு 100 எம்.பி.க்குள் அடங்கியது. பிற லினக்ஸ்களின் தொகுப்புகளைக் கொண்டே பப்பியைக் கட்டமைக்க உதவும் 'வூஃப்' கருவியைக் கௌலர் உருவாக்கினார். 2010இன் ஐந்தாம் பதிப்பு அவ்வாறே உபுண்டு தொகுப்புகளிலிருந்து உருவானது. இதனால் பப்பி ஒரே இயங்குதளமாக இல்லாமல், உபுண்டு, டெபியன், ஸ்லாக்வேர் வழிப் பல பப்பிகளின் குடும்பமாகக் கிளைத்தது.

2013இல் கௌலர் பொறுப்பிலிருந்து விலகியபின் பணி தன்னார்வலர் சமூகத்திடம் சென்றது. 2017இல் அவர் 'ஈஸிஓஎஸ்' என்ற தனித் திட்டத்தைத் தொடங்கினார். 2020இல் வந்த பப்பிப் பதிப்பான ஃபாசாபப்64, 400 எம்.பி.யைத் தாண்டியது. நான்காம் பதிப்பைப்போல நான்கு மடங்குக்கு மேல் பெருத்தும், இன்றைய சாதாரணக் கணினியின் ரேமில் அது முழுதாக அடங்கிவிடுகிறது.