வரைபட மேசையும் மூவண்ணக் கடிகாரமும்

1940 இல் நிகழ்ந்த பிரிட்டன் வான்போரில் ரேடாரின் புகழ் பெரிது. அதன் செய்திகள் சென்று சேர்ந்த வரைபட மேசையைப் பற்றிப் பேசுவோர் சிலரே. ஒரே விமான அணியை இரு ரேடார் நிலையங்கள் வெவ்வேறு இடங்களில் காட்டுவதுண்டு. பென்ட்லி பிரையரியில் இயங்கிய வடிகட்டும் அறை அம்முரணைத் தீர்த்து, ஒரு தடத்தை மட்டுமே அனுப்பியது.

அக்ஸ்பிரிட்ஜ் நிலத்தடி அறையில் மகளிர் துணைப்படையினர் நீண்ட கோல்களால் மேசைமீது குறிகளை நகர்த்தினர். சுவர்க் கடிகாரம் ஐந்தைந்து நிமிடப் பகுதிகளாகச் சிவப்பு, மஞ்சள், நீலம் எனத் தீட்டப்பட்டிருந்தது. செய்தி வந்த வேளையின் நிறமே குறிக்கும். எளிய ஏற்பாடுதான், எனினும் அவ்வறையின் தலைசிறந்த கருவி அதுவே. மேல்தளத்தில் அமர்ந்த கட்டுப்பாட்டாளரும் பீரங்கிப் படை அலுவலரும் பகைவரின் இடத்தோடு செய்தியின் வயதையும் ஒருங்கே கண்டனர். பழைய குறியை நம்பி விமானங்களை முந்தி எழுப்பினால், பகைவர் வரும்போது அவை எரிபொருளின்றித் தரையில் நிற்கும்.