பைத்தான் மூலநிரலின் இடப்பெயர்வுகள்: 2000 முதல் 2022 வரை

ஒரு திறந்த மூலத் திட்டத்தை இப்போதிருக்கும் தளத்திலிருந்து வேறொரு தளத்துக்கு மாற்றலாமா என்ற கேள்வி எழுந்தால், விவாதம் பெரும்பாலும் கருவிகளைப் பற்றியதாகவே அமைகிறது. எது வேகமானது, எதில் வசதி அதிகம் என்பதே பேச்சு. பைத்தான் நிரல்மொழியின் ஆவணங்களைத் தொடர்ந்து படிப்பவருக்கு வேறொரு சித்திரம் கிடைக்கிறது. 2000க்கும் 2022க்கும் இடையில் அதன் மூலநிரல் நான்கு முறையும் பிழைப் பதிவேடு மூன்று முறையும் இடம் மாறின. ஒவ்வொரு முறையும் கருவியின் தரம் முன்னால் நின்று வாதாடியது. தீர்ப்பை எழுதியதோ பெரும்பாலும் வேறொரு கேள்வி: அந்த இடத்தைப் பராமரிக்கும் வேலையை யார் செய்வது?

இந்த ஆய்வுக்குப் பைத்தானைத் தேர்ந்தெடுக்கக் காரணம் எளிது. பெரும்பாலான திட்டங்களில் இத்தகைய முடிவுகள் யாரோ இருவர் பேசித் தீர்ப்பதோடு மறைந்துவிடும். பைத்தானிலோ ‘பெப்’ எனப்படும் மேம்பாட்டு முன்மொழிவுகளாக அவை எழுதப்பட்டன. தோற்ற முன்மொழிவுகளும் அழிக்கப்படாமல் இன்றும் வாசிக்கக் கிடைக்கின்றன.

முதல் மாற்றம் 2000 மே மாதம் நடந்தது. அதுவரை களஞ்சியத்தில் நேரடியாக எழுதும் உரிமை சுமார் 7 பேருக்கு மட்டுமே இருந்தது. வெளியாட்கள் அனுப்பும் ஒவ்வொரு திருத்தமும் அந்தச் சிறு குழுவில் ஒருவர் கைவழியாகத்தான் உள்ளே போக வேண்டும். சோர்ஸ்ஃபோர்ஜ் தளத்துக்குப் போனதும் உரிமை வழங்குவது சுலபமாயிற்று. அதே ஆண்டு செப்டம்பரில் எழுதும் உரிமை பெற்றவர்கள் 27 பேர். பைத்தான் 2.0 பதிப்பின் அறிமுகக் குறிப்பே, மொழியில் சேர்ந்த புதிய கூறுகளைவிட இந்த மாற்றம்தான் முக்கியமானதாக இருக்கலாம் என்று சொல்கிறது.

அந்தத் தளத்தில் இருந்த சிவிஎஸ் என்ற பதிப்பு மேலாண்மை முறைக்குப் பெரிய குறைகள் உண்டு. கோப்பின் பெயரை மாற்றினால் அதன் வரலாறு தொடர்பறுந்துபோகும். பல கோப்புகளில் செய்த ஒரே திருத்தத்தை ஒரே பதிவாக ஏற்றவும் முடியாது. இவற்றைக் காட்டி மார்ட்டின் ஃபான் லோவிஸ் 2004இல் எழுதிய பெப் 347, சப்வெர்ஷனுக்கு மாறுவதோடு களஞ்சியத்தைப் பைத்தானின் சொந்த வழங்கிக்கே கொண்டுவரச் சொன்னது. 2005 அக்டோபரில் அது நடந்தது. பிழைப் பதிவேடு மட்டும் பழைய இடத்திலேயே தங்கிவிட்டது.

அந்தப் பதிவேட்டின் கதைதான் இந்த வரலாற்றில் அதிகம் கற்பிப்பது என்று நினைக்கிறேன். 2006இல் மாற்றுப் பதிவேடுகளை ஒப்பிட்ட குழு, அட்லாசியன் நிறுவனத்தின் ஜிராவைப் பரிந்துரைத்தது. அது மூடிய மூல மென்பொருள். திறந்த மூலமான, பைத்தானிலேயே எழுதப்பட்ட ரவுண்டப் வேண்டுமென்றால் 6 முதல் 10 தன்னார்வலர்கள் அதைப் பராமரிக்க முன்வர வேண்டும் என்றது குழு. ஆட்கள் வந்தார்கள், ரவுண்டப் வென்றது, 2007இல் பயன்பாட்டுக்கும் வந்தது. சுதந்திரமான மென்பொருளா, வசதியான மென்பொருளா என்ற கொள்கைச் சண்டையை ஆள்கணக்காக மாற்றிய இந்த நிபந்தனையை நேர்மையான ஒன்றாகவே கருதுகிறேன். கொள்கை பேசுவோர் பலர் இருப்பார்கள். வழங்கி விழுந்தால் எழுந்துவந்து நிமிர்த்துபவர் யார் என்பதை அது வெளிப்படையாகக் கேட்டது.

அடுத்தது, பகிர்ந்த பதிப்பு மேலாண்மைக்கு மாறிய கட்டம். 2005 ஏப்ரலில் லினக்ஸ் கருவின் உருவாக்குநர்கள் பிட்கீப்பர் என்ற பதிப்பு மேலாண்மைக் கருவியை இலவசமாகப் பயன்படுத்தும் வாய்ப்பை இழந்தபோது, சில நாள் இடைவெளியில் கிட், மெர்க்குரியல் இரண்டுமே பிறந்தன. பிரெட் கேனன் தொகுத்த பெப் 374 இவற்றையும் இதே வகைக் கருவியான பஸாரையும் ஒப்பிட்டது. 2009 மார்ச்சில், பைகான் மாநாட்டின்போது, மெர்க்குரியல் தேர்வானது. மைய நிரலாளர்களிடம் நடத்திய சிறு கணிப்பில் அதற்கே ஆதரவு அதிகம்; பஸாரைவிட வேகமானது; பெரும்பகுதி பைத்தானில் எழுதப்பட்டது. முடிவெடுத்த பிறகு மாற்றம் நிறைவேற ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆயின. விண்டோஸ் வரிமுடிவுக் குறிகளைச் சரியாகக் கையாள்வது, பழைய கிளைகளை ஒழுங்குபடுத்துவது போன்ற, வெளியில் தெரியாத வேலைகள் அந்தக் காலத்தை விழுங்கின. 2011 மார்ச் 5 அன்று மெர்க்குரியல் களஞ்சியம் அதிகாரபூர்வமானது. அதற்குள் வெளியுலகம் கிட்டின் பக்கம் சாய்ந்துவிட்டிருந்தது. தவறான தேர்வு என்று இன்று சொல்வது சுலபம். 2009இல் கையிலிருந்த தரவுகளை வைத்துப் பார்த்தால் அப்படிச் சொல்ல இடமில்லை.

2014இல் சண்டை மீண்டும் மூண்டது. இம்முறை கேள்வி கருவியைவிடத் தளத்தைப் பற்றியது. கல்லித்தேயா என்ற திறந்த மூல மென்பொருளைக் கொண்டு பைத்தானுக்கே சொந்தமான தளம் அமைக்க வேண்டும் என்றார் நிக் காக்லன் (பெப் 474). கிட்டையும் கிட்ஹப்பையும் ஏற்கலாம் என்றார் டொனால்ட் ஸ்டஃப்ட் (பெப் 481). மறு ஆண்டு பாரி வார்சா கிட்லேப்பை முன்வைத்தார் (பெப் 507). ஒரு தனியார் நிறுவனத்தின் மூடிய தளத்தை ஒரு பொதுமொழியின் உருவாக்கம் நம்பியிருக்கலாமா என்பதே இந்த மூன்று ஆவணங்களுக்கும் அடியில் ஓடிய வாதம். ஸ்டஃப்டின் முன்மொழிவு வெளியான ஒரு மாதத்தில், 2014 டிசம்பர் இறுதியில், இந்திய அரசின் உத்தரவால் முடக்கப்பட்ட 32 இணையதளங்களில் கிட்ஹப்பும் ஒன்று. சில நாள்களில் தடை விலகியது. ஆனால் ‘எல்லோரும் இருக்கும் இடம்’ என்பது எல்லோருக்கும் எப்போதும் திறந்திருக்கும் இடமல்ல என்பதற்கு நம் நாடே சாட்சியாயிற்று.

முடிவெடுக்கும் பொறுப்பு கேனனிடம் இருந்தது. 2016 புத்தாண்டு நாளில் அவர் கிட்ஹப்பை அறிவித்தார். கிட்லேப்புக்கும் கிட்ஹப்புக்கும் இடையே தீர்மானிக்கத்தக்க வசதி வேறுபாடு எதுவும் இல்லை. மைய நிரலாளர்களுக்கும் வெளிப் பங்களிப்பாளர்களுக்கும் கிட்ஹப் ஏற்கெனவே பழக்கமானது. மொழியைப் படைத்த கைடோ வான் ராசமின் விருப்பமும் அதுவே. 2006இல் கேட்ட ஆள்கணக்கு இங்கே வேறு வடிவில் திரும்பியது. சொந்த வழங்கியைப் பேணுவதில் செலவாகும் தன்னார்வலர் நேரம், வந்து குவியும் திருத்தங்களைப் பார்வையிடுவதற்குப் போனால் நல்லது என்ற எண்ணம் பலமாக இருந்தது.

2017 பிப்ரவரி 10 அன்று மாற்றம் நிகழ்ந்தது. பெப் 512 அதற்கு முன் செய்ய வேண்டியவற்றைப் பட்டியலிட்டிருந்தது. பங்களிப்பாளர் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டிருக்கிறாரா என்று சரிபார்க்கத் தனி நிரல் எழுதப்பட்டது. சப்வெர்ஷன் பதிவு எண்ணையோ மெர்க்குரியல் அடையாளத்தையோ தந்தால் உரிய இடத்துக்கு அழைத்துச்செல்லும் தேடல் சேவை இற்றைப்படுத்தப்பட்டது. மொழிபெயர்ப்பியின் உள்ளேயே மெர்க்குரியல் பெயர் தாங்கிய ஒரு மாறி இருந்தது. அதற்கு இணையாகக் கிட் பெயரில் இன்னொன்று தேவைப்பட்டது. மாற்றச் செய்திகளெல்லாம் ஒரே கோப்பில் எழுதப்பட்டுவந்ததால், இரண்டு திருத்தங்கள் அடுத்தடுத்து வந்தாலே மோதல். பின்னர் ஒவ்வொரு செய்தியும் தனிக் கோப்பாயிற்று.

இம்முறையும் பிழைப் பதிவேடு பின்தங்கியது. 2005இல் நிரல் கிளம்பிய பிறகு பதிவேடு போக இரண்டு ஆண்டுகள். இப்போது ஐந்து ஆண்டுகள். கிட்ஹப்பின் பதிவேட்டுக்கே போகலாம் என்று மரியாட்டா விஜயா எழுதிய பெப் 581, 2019 மே மாதம் ஏற்கப்பட்டது. ரவுண்டப்பைப் பராமரிப்போர் மிகச் சிலராகச் சுருங்கியிருந்தது அதன் முக்கிய வாதங்களில் ஒன்று. 2006இல் முன்வந்த படை கரைந்துவிட்டிருந்தது. ரவுண்டப்பையே மேம்படுத்தலாம் என்று எதிர் முன்மொழிவு எழுதிய இருவரில் ஒருவரான எட்ஸியோ மெலோட்டியிடமே பிறகு இடமாற்றப் பணியை நடத்தும் பொறுப்பு வந்தது. பழைய அமைப்பின் மூலைமுடுக்குகளை அறிந்தவர் அவர்தானே.

தாமதத்துக்கான காரணம் எண்களில் இருக்கிறது. கிட் களஞ்சியத்தை நகலெடுத்தால் முழு வரலாறும் கூடவே வரும். பிழை அறிக்கை அப்படியல்ல: எழுதியவர் யார், யார் மறுத்தார், எந்த இணைப்பைச் சுட்டினார் என்பதெல்லாம் தளத்தின் தரவுத்தளத்தில் கிடப்பவை. அதோடு, கிட்ஹப்பில் பிழை அறிக்கைகளும் இணைப்புக் கோரிக்கைகளும் ஒரே எண்வரிசையைப் பகிர்ந்துகொள்கின்றன. 2022க்குள் பல்லாயிரம் எண்களைக் கோரிக்கைகள் எடுத்துக்கொண்டுவிட்டன. எனவே அந்த ஏப்ரலில் இடம்பெயர்ந்த ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அறிக்கைகள் புது எண்களைப் பெற்றன. நிரலின் குறிப்புரைகளிலும் பழைய பதிவுகளிலும் சிதறிக் கிடந்த எண்கள் செல்லாக்காசாகாமல் இருக்க, பழைய தளம் வாசிக்க மட்டுமான நிலையில் வைக்கப்பட்டு, ஒவ்வொரு அறிக்கையும் புதிய இடத்தைச் சுட்டுகிறது.

சொந்த விருப்பத்தில் கிளம்பியதால்தான் பைத்தானால் இவ்வளவு நிதானமாக நகர முடிந்தது. கூகுள் கோட் 2015 மார்ச்சில் மூடல் அறிவித்து 2016 ஜனவரியில் நின்றபோதும், பிட்பக்கெட் 2020இல் மெர்க்குரியல் ஆதரவைக் கைவிட்டபோதும் அங்கிருந்த திட்டங்களுக்கு அந்த அவகாசம் வாய்க்கவில்லை.

எண் சிக்கலுக்கு முற்றிலும் வேறொரு விடையை 2025 நவம்பரில் ஸிக் மொழிக் குழு தேர்ந்தது. கிட்ஹப்பை விட்டு, பெர்லினில் பதிவான கோட்பெர்க் சங்கத்தின் தளத்துக்குப் போன அது, பழைய அறிக்கைகளை மொத்தமாகக் கொண்டுபோகவே இல்லை. அவற்றை இருந்த இடத்தில் விட்டு, எண்கள் மோதாதபடி புதிய வரிசையை 30000இலிருந்து தொடங்கியது. அதைவிட அக்குழுவுக்குக் கடினமாக இருந்தது கிட்ஹப்பின் நன்கொடை வசதி: ஸிக் அறக்கட்டளையின் வருமானத்தில் கணிசமான பங்கு அதன் வழியே வந்துகொண்டிருந்தது. நன்கொடையாளர்களை வேறு வழிக்கு மாறும்படி கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. பைத்தானின் நான்கு இடப்பெயர்வுகளில் எதிலும் எழாத சிக்கல் இது.