தரவுத்தள மீட்பும் பெயர்ப்பும்

மின்தடை, வன்வட்டுப் பழுது, மென்பொருள் பிழை போன்றவற்றால் பாதியில் நின்ற தரவுத்தளத்தை, உறுதியான பதிவு ஒன்றும் விடுபடாமல், அரைகுறைப் பதிவு ஒன்றும் தங்காமல் மறுபடி இயங்கவைப்பது தரவுத்தள மீட்பு. ஒரு மென்பொருளில் உள்ள பதிவுகளை இன்னொன்றுக்குக் கொண்டுசெல்வது பெயர்ப்பு. ஆரக்கிளிலிருந்து போஸ்ட்கிரெஸ்ஸுக்கு மாறுவது இதற்கு எடுத்துக்காட்டு. பெயர்ப்பில் இறங்குகிறவர் மீட்பை முதலில் கற்றிருக்க வேண்டும். ஓர் ஊரின் நிலப் பதிவுகளைக் கொண்டு இரண்டையும் பார்க்கலாம்.

அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சி கலியுக வரதராசப் பெருமாள் கோயிலால் பெயர்பெற்ற ஊர். நிலவியலாளர்கள் இங்குள்ள சுண்ணாம்புக்கல் படிவத்துக்கு இந்த ஊரின் பெயரையே வைத்திருக்கிறார்கள். சிமெண்ட் ஆலைகள் சூழ்ந்த வட்டாரம் என்பதால் இங்கே நிலப் பதிவில் ஒரு சென்ட் கூடினாலும் குறைந்தாலும் அது பணம். பட்டா, சிட்டா, ‘அ’ பதிவேடு மூன்றையும் இன்று இணையத்தில் பார்க்க முடிகிறது. அவற்றின் பின்னால் இருப்பது ஒரு தரவுத்தளம்.

ஒரு புல எண்ணை அண்ணனும் தம்பியும் பிரித்துக்கொள்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பழைய வரியில் பரப்பைக் குறைக்க வேண்டும். புதிய உட்பிரிவுக்கு ஒரு வரி சேர்க்க வேண்டும். முதல் வேலை முடிந்து இரண்டாவது தொடங்குமுன் சர்வர் நின்றுவிட்டால் தம்பியின் பங்கு எந்தப் பதிவிலும் இராது. இரண்டும் சேர்ந்து நடக்க வேண்டும். இல்லையேல் இரண்டும் நடக்கக் கூடாது. இப்படிப் பிரிக்க முடியாத வேலைத் தொகுதிக்குப் பரிவர்த்தனை என்று பெயர். அது முடிந்ததாக உறுதிசெய்வது ‘கமிட்’.

இதைச் சாத்தியமாக்கும் முறைகளில் உலகெங்கும் பாடமாக நிற்பது ஏரீஸ். இதை உருவாக்கியதில் முதன்மையானவர் சி. மோகன். சென்னை ஐ.ஐ.டி.யில் 1977இல் வேதிப் பொறியியல் பட்டம் பெற்று, 1981இல் ஆஸ்டினிலுள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் முனைவரானவர். பின்னர் கலிபோர்னியாவில் ஐ.பி.எம். ஆய்வகத்தில் பணியாற்றினார். டான் ஹேடர்லி, புரூஸ் லிண்ட்சே, ஹமீத் பிரஹேஷ், பீட்டர் ஷ்வார்ஸ் ஆகியோருடன் அவர் எழுதிய ஏரீஸ் கட்டுரை 1992இல் வெளியானது. டிபி2, எஸ்கியூஎல் சர்வர் போன்ற தரவுத்தள மென்பொருள்களின் மீட்பு இந்த வழியைத் தழுவியதுதான். தமிழ்நாட்டுக் கணினி வகுப்புகளில் இந்த முறையைச் சொல்லித்தரும்போது மோகனின் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் விருப்பம்.

ஏரீஸ் முறையின் அடிப்படை விதி இது: தரவுப் பக்கம் (வட்டில் எழுதப்படும் தரவுத் தொகுதி) வட்டுக்குப் போகுமுன், அதில் செய்த மாற்றம் பற்றிய குறிப்பு, வட்டிலுள்ள லாக் எனப்படும் மாற்றக் குறிப்பேட்டில் எழுதப்பட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு குறிப்புக்கும் ஏறுவரிசையில் ஓர் எண் உண்டு. ஒவ்வொரு பக்கமும் தன்மீது கடைசியாகச் செய்யப்பட்ட மாற்றத்தின் எண்ணைத் தாங்கியிருக்கும். சர்வர் விழுந்து எழுந்ததும் மூன்று சுற்றுகள் நடக்கும். முதல் சுற்று, கடைசிச் சோதனைப்புள்ளியிலிருந்து (தரவுத்தளம் தன் நிலையை லாகில் அவ்வப்போது குறித்துவைக்கும் இடம்) லாகைப் படித்து, விழுந்த நேரத்தில் எந்தப் பரிவர்த்தனைகள் பாதியில் இருந்தன, எந்தப் பக்கங்கள் வட்டுக்குப் போயிராமல் இருக்கலாம் என்று கண்டறியும். இரண்டாவது சுற்று, முடிந்தவை முடியாதவை என்று பாராமல் எல்லா மாற்றங்களையும் லாகின் வரிசையிலேயே திரும்ப நடத்தும். பக்கத்தின் எண்ணைப் பார்ப்பதால், ஏற்கெனவே சேர்ந்த மாற்றம் இரண்டாம் முறை சேராது. மூன்றாவது சுற்று, முடியாத பரிவர்த்தனைகளைப் பின்னோக்கி அழிக்கும்.

முடியாதவற்றையும் முதலில் நடத்திவிட்டுப் பிறகு அழிப்பது வீண்வேலையாகத் தோன்றும். ஆனால் விழுந்த கணத்தின் நிலையை அப்படியே திரும்பப் பெற்றால்தான் அழிப்பதைப் பிழையின்றிச் செய்ய முடியும். அழித்ததையும் லாகில் எழுதுகிறார்கள். அதனால் மீட்பின் நடுவில் மின்சாரம் மறுபடி போனாலும், அழித்ததை இன்னொரு முறை அழிக்கும் குழப்பம் வராது.

லாக் இருக்கும் வட்டே போய்விட்டால் இந்த நுட்பம் கைகொடுக்காது. அப்போது பேக்கப்தான் வழி. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் சுமார் 300 ஜிபி தரவை அழித்துவிட்டார். அன்றாட பேக்கப் எடுக்கப்படாமலே இருந்தது தெரியவந்தது. பேக்கப் கருவியின் பதிப்பும் தரவுத்தளத்தின் பதிப்பும் ஒத்துப்போகவில்லை. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் வழியிலேயே மறுக்கப்பட்டிருந்தன. ஆறு மணி நேரத்துக்கு முன் ஒருவர் கையால் எடுத்து வைத்திருந்த நகல் இருந்ததால், அதன்பின் சேர்ந்த பதிவுகள் போனாலும் மற்றவை தப்பின. நிறுவனம் இதை ஒளிக்காமல் விரிவாக வெளியிட்டது பெருந்தன்மை. தனியாக ஓரிடத்தில் திறந்து நிறுவிப் பார்க்காத பேக்கப்பை பேக்கப் என்று கணக்கில் சேர்க்கக் கூடாது.

பெயர்ப்பில் ஆபத்து வேறு விதமானது. விழுந்த சர்வரை எல்லாரும் பார்க்கிறார்கள். தவறாகப் பெயர்ந்த ஒரு வரியை, நிலத்தை விற்கப்போகும் நாளில் அதன் உரிமையாளர்தான் முதலில் பார்க்கிறார்.

பெயர்ப்பு எவ்வளவு எளிதில் தவறும் என்பதற்குக் கல்லங்குறிச்சியின் முகவரியே சான்று. திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இருந்த ஊர் 1995இல் பெரம்பலூர் மாவட்டத்துக்குப் போனது. 2001இல் புதிய அரியலூர் மாவட்டத்துக்கு. 2002இல் மறுபடி பெரம்பலூருக்கு. 2007 நவம்பர் 23 முதல் மீண்டும் அரியலூருக்கு. ஒரு நிலத்தை அடையாளம் காட்டும் விசைக்குள் மாவட்டக் குறியீட்டையும் சேர்த்து வடிவமைத்தால், இத்தகைய ஒவ்வொரு மாற்றத்திலும் எல்லா இணைப்புகளும் அறும். மாறாத கிராமக் குறியீடு தனியாகவும், மாவட்டம் தேதியுடன் கூடிய தனிப் பட்டியலாகவும் இருப்பதே சரியான அமைப்பு.

தமிழ் எழுத்து இன்னொரு சிக்கல். கல்லங்குறிச்சி கண்ணுக்கு 8 எழுத்து. யூனிகோடில் 14 குறிகள். அவற்றைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 42 பைட்டுகள். பழைய எழுத்துரு முறைகளில் இந்தக் கணக்கே வேறு. ஊர்ப்பெயருக்கு 30 பைட் ஒதுக்கிய நெடுவரிசையில் இது கொள்ளாது. கண்டிப்பான தரவுத்தளம் மறுத்துவிடும், அதுவே நல்லது. தளர்வானது ‘கல்லங்குறி’யோடு வெட்டிவிட்டு மேலே போகும். மாவட்டத்தின் தென்புறம் ஓடும் கொள்ளிடத்தின் முதலெழுத்தில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், எகரக் குறி, கால் என இரண்டாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது, தேடினால் ஒன்று மற்றொன்றுக்குப் பொருந்தாது. பெயர்க்குமுன் எல்லாவற்றையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவர வேண்டும். முந்திரி, காணி, மா போன்ற பழைய பின்னக் குறிகள் 2019இல்தான் யூனிகோடில் சேர்ந்தன. அவை நான்கு பைட் கொண்டவை. மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் பழைய ‘யூடிஎஃப்8’ அவற்றை ஏற்காது.

பரப்பளவில்தான் மிகக் கொடிய பிழை நேரும். 1979 முதல் 1987 வரை நடந்த யூ.டி.ஆர். எனப்படும் பணியில் தமிழ்நாட்டின் நிலப் பதிவேடுகள் புதுப்பிக்கப்பட்டன; அதன் பிழைகளைத் திருத்தக் கோரும் மனுக்கள் இன்றும் வருவாய்த்துறைக்கு வருகின்றன. பட்டாவில் ஹெக்டேரும் ஏரும் (ஹெக்டேரில் நூறில் ஒரு பங்கு) தனித்தனியே இருக்கும். 1 ஹெக்டேர் 5 ஏரை ஒரே எண்ணாக்கினால் 1.05 வர வேண்டும். நிரல் எழுதுகிறவர் கவனிக்காமல் 1.5 என்று ஒட்டிவிட்டால் 45 ஏர், அதாவது சுமார் 111 சென்ட் நிலம் காகிதத்தில் முளைத்துவிடும். பரப்பைத் தசம எண் வகையில்தான் வைக்க வேண்டும், மிதவைப்புள்ளி வகையில் வைக்கக் கூடாது.

பெரிய நிறுவனங்களும் பெயர்ப்பில் அடிபட்டிருக்கின்றன. பிரிட்டனின் டி.எஸ்.பி. வங்கி 2018 ஏப்ரலில் ஒரே வார இறுதியில் புதிய அமைப்புக்கு மாறியது; சுமார் 19 லட்சம் பேரால் தங்கள் கணக்கைத் திறக்க முடியவில்லை. 2022இல் அதற்கு 4.865 கோடி பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது.

ஆகவே பழைய சர்வரும் புதிய சர்வரும் சில காலம் அருகருகே ஓட வேண்டும். வரிகளின் எண்ணிக்கை ஒத்திருப்பது மட்டும் போதாது. கிராமவாரியாக மொத்தப் பரப்பு, பட்டா எண்ணிக்கை, உட்பிரிவு எண்ணிக்கை மூன்றும் இரு பக்கமும் ஒத்துவர வேண்டும். பிறகு, கிராம நிர்வாக அலுவலர் தன் ‘அ’ பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு சில புல எண்களைத் தானே தேர்ந்து திரையோடு ஒப்பிட வேண்டும். நிரல் எழுதியவர் தேர்ந்து தரக் கூடாது. பழைய சர்வரை, புதிய சர்வரின் பேக்கப்பைத் திறந்து நிறுவிப் பார்த்த பிறகே அணைக்க வேண்டும்.