பேராக் மின்சாரமும் வீட்டுக் கட்டணமும்

மின் கட்டணம் ஏறும்போதெல்லாம் ஈப்போ வட்டாரத்தில் மக்கள் மனம் வருந்துவதைக் காண்கிறோம். அவ்வருத்தத்தின் காரணத்தை அறிய, நம் மாநில வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்த்தல் நலம்.

பேராக் ஆற்று நீர்மின் நிறுவனம் 1926இல் தோன்றியது. செண்டரோ அணை 1930இல் மின்சாரம் தரலாயிற்று. அம்மின்சாரம் முதன்மையாகக் கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களுக்கே சென்றது. ரப்பர்த் தோட்டத்து லயங்களிலோ நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. நம்மவர் பலர் அவ்வொளியிலேயே எழுத்தறிந்தனர்.

1982இல் அந்நிறுவனம் தேசிய மின்சார வாரியத்தின் வசமாயிற்று; 1990இல் வாரியத்தின் பணியைத் தெனாகா நேஷனல் ஏற்றது. 2014 சனவரியில் தீபகற்பத்தின் சராசரிக் கட்டணம் யூனிட்டுக்கு 33.54 சென்னிலிருந்து 38.53 சென்னுக்கு உயர்ந்தது. மாதம் 300 யூனிட்டுக்கு மேற்படாத வீடுகளுக்கு உயர்வில்லை. ஆயினும் கடைகளுக்கும் ஆலைகளுக்கும் கட்டணம் ஏறியதால், அச்சுமை பண்டங்களின் விலையில் வந்து சேருமென மக்கள் அஞ்சினர். அவ்வச்சம் நியாயமானதே.

சுரங்கங்களுக்கென உண்டான மின்சாரம் இன்று பிள்ளைகளின் படிப்புக்கும் இன்றியமையாததாகிவிட்டது. ஆதலின், விலையை வகுப்போர் சிறு வீடுகளுக்குரிய குறைந்த கட்டணத்தைக் காப்பதோடு, கடைவிலையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பட்டியலைப் படித்துக் கணக்கிடும் பழக்கத்தை மாணவர்க்குக் கற்பிப்பது ஆசிரியராகிய நம் கடமை.