கூப்பன் அரிசியும் வாக்குச் சீட்டும்: 1974ஆம் ஆண்டுப் பஞ்சம் பற்றிய ஒரு நோக்கு

பஞ்சம் என்றவுடன் மழை பொய்த்தலையும் வயல் வெடித்தலையுமே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். ஆயின் ஒரே தீவில், ஒரே ஆண்டில், ஒரு சாரார் செழிக்க மற்றொரு சாரார் பட்டினியால் மடிவராயின் அப்பழியை வானத்தின் மீது சுமத்திவிட முடியாது. 1973, 1974ஆம் ஆண்டுகளில் இலங்கையில் நிகழ்ந்தது அத்தகையதே. யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் மிளகாயும் வெங்காயமும் செய்கை பண்ணிய கமக்காரர் அக்காலத்தைத் தம் வாழ்வின் பொற்காலமென இன்றும் நினைவுகூர்வர். மலையகத் தோட்டங்களில் வாழ்ந்த முதியோரோ அதனைப் பஞ்சக் காலம் என்பர். இரு சாராரும் தமிழ் பேசுவோர். இரு சாராரின் பேரப்பிள்ளைகளும் இச்சங்கத்தில் அங்கத்தவராய் உள்ளனர். ஆயினும் இவ்விரு நினைவுகளையும் ஒருங்கே வைத்து நோக்கும் வழக்கம் நம்மிடையே அரிது. பங்கீட்டு அரிசியின் வரலாற்றினூடாக அதனைச் செய்ய இக்கட்டுரை முற்படுகிறது.

பங்கீட்டு அரிசி யுத்தத்தின் குழந்தை. இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் இலங்கை தான் உண்ட அரிசியிற் பெரும்பகுதியை இறக்குமதி செய்தது. அதிலும் பர்மாவையே பெரிதும் நம்பியிருந்தது. 1942 மார்ச்சில் இரங்கூன் யப்பானியர் கையில் வீழ்ந்தது. அடுத்த மாதமே கொழும்பும் திருகோணமலையும் குண்டுவீச்சுக்கு உள்ளாயின. தேயிலையையும் இறப்பரையும் விற்று அரிசி வாங்கிய ஒரு நாடு, வாங்குவதற்கு அரிசி இல்லாத நிலைக்கு வந்தது. அவ்வாண்டில் ஏற்படுத்தப்பட்ட பங்கீட்டு முறை, உணவை விலைக்கு வாங்கும் வல்லமையிலிருந்து ஓரளவு பிரித்தெடுத்தது. கூப்பன் புத்தகம் உள்ளவருக்கு அரிசி உண்டு. 1943இல் வங்காளத்தில் ஏறக்குறைய 30 இலட்சம் மக்கள் மாண்டபோது இலங்கையில் அத்தகைய பேரழிவு நிகழவில்லை. யுத்தம் முடிந்த பின்னரும் கூப்பன் முடியவில்லை. குடியானவன் அதனைச் சலுகையாகவன்றி உரிமையாகவே கொள்ளத் தொடங்கினான்.

அவ்வுரிமையில் கைவைத்தால் என்ன நேரும் என்பதை 1953 காட்டிற்று. கொரிய யுத்தத்தின்போது உயர்ந்திருந்த இறப்பர் விலை வீழ்ந்தது. அரிசி விலையோ ஏறிற்று. 1952 இறுதியில் சீனாவுடன் செய்துகொண்ட இறப்பர் அரிசி உடன்படிக்கையும் வரவு செலவுக் குறையை நிரப்பப் போதவில்லை. டட்லி சேனநாயக்காவின் அரசாங்கம் 25 சதமாயிருந்த ஒரு கொத்துப் பங்கீட்டரிசியை 70 சதமாக உயர்த்தியது. பாடசாலைப் பிள்ளைகளின் மதிய உணவும் நிறுத்தப்பட்டது. ஆகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தால் வெடித்தது. கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலொன்றில் அமைச்சரவை கூடவேண்டியதாயிற்று. ஒக்டோபரில் பிரதமர் பதவி துறந்தார். அவருக்குப் பின் வந்த சேர் ஜோன் கொத்தலாவலை விலையைக் குறைத்தார்.

1966இல் அதே டட்லி சேனநாயக்கா இரண்டு கொத்தை ஒரு கொத்தாகக் குறைத்து, அந்த ஒன்றை இலவசமாக்கினார். 1970ஆம் ஆண்டுத் தேர்தலில் எதிரணி, இழந்த அந்த இரண்டாவது கொத்தையே முன்வைத்துப் பிரசாரஞ் செய்தது. சந்திரனிலிருந்தேனும் அரிசி கொண்டுவரப்படும் என்று அந்நாளில் மேடைகளிற் பேசப்பட்டதாக இன்றும் கேலியாகச் சொல்வதுண்டு. ஐக்கிய தேசியக் கட்சியின் தோல்விக்கு வேறு காரணங்களும் இருந்தன. ஆயினும் ஒரு கொத்து அரிசி ஒரு தேர்தலின் போக்கை மாற்றக்கூடியது என்பதில் அன்றைய அரசியல்வாதிகள் எவருக்கும் ஐயம் இருக்கவில்லை.

இனி இவ்வரலாற்றின் மறுபக்கத்துக்கு வருவோம். கொத்தைக் காத்தது வாக்கு எனின், வாக்கு இல்லாதவனின் கொத்தைக் காப்பது எது? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும் மறு ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தமும் மலையகத் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோரை நாடற்றவராகவும் வாக்கற்றவராகவும் ஆக்கின. 1947இல் பாராளுமன்றத்துக்குத் தம் பிரதிநிதிகளை அனுப்பிய மக்கள் 1952 தொடக்கம் 1977 வரை ஒருவரையேனும் தேர்தல் மூலம் அனுப்ப இயலவில்லை. நியமன உறுப்பினர் சிலர் இருந்தனர். நியமனம் பெற்றவர் நியமித்தவரை நோக்குவாரேயன்றி லயத்து வாசலை நோக்கமாட்டார் என்பது பொது விதி. இடையில் 1964ஆம் ஆண்டுச் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனக் கணக்கிட்டுப் பங்கிட்டது. அரிசிக்கு மட்டுமன்றி மனிதருக்கும் பங்கீடு நடந்த காலம் அது.

1973இல் உலகச் சந்தையில் எண்ணெய் விலை நாலு மடங்கை நோக்கிப் பாய்ந்தது. அரிசி, கோதுமை, சீனி ஆகியவற்றின் விலைகளும் அதற்கு முன்பே ஏறத் தொடங்கியிருந்தன. தேயிலை விலை அவ்வேகத்தில் ஏறவில்லை. அரசாங்கம் பங்கீட்டைக் குறைத்தது. கோதுமை மாவையும் பங்கீட்டுக்குள் கொண்டுவந்தது. பாணுக்கு விடியுமுன்னரே வரிசைகள் நீண்டன. அப்போது நிதியமைச்சராக இருந்தவர் கலாநிதி என். எம். பெரேரா, 1953 ஹர்த்தாலின் முன்னணித் தலைவருள் ஒருவர். இம்முறை ஹர்த்தால் எழவில்லை. இடதுசாரிக் கட்சிகள் அரசாங்கத்துக்குள் இருந்தன. 1971ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குச் சற்று முன் பிறப்பிக்கப்பட்ட அவசரகாலச் சட்டமும் நடைமுறையில் இருந்தது.

இக்குறைப்பு எல்லோர் மீதும் ஒரே அளவில் விதிக்கப்பட்டது. எல்லோர் வயிற்றிலும் ஒரே அளவில் விழவில்லை. அதற்கான காரணங்களைச் சற்று விரித்து நோக்குதல் வேண்டும். கிராமத்துக் குடியானவனுக்கு ஒரு துண்டு வயலோ, பலா மரமோ, மரவள்ளிப் பாத்தியோ இருந்தது. லயத்தில் வாழ்ந்தவனுக்குக் காணி இல்லை. இருந்த சிறு மரக்கறித் துண்டும் தோட்டத்துரையின் தயவில் இருந்தது. கிராமத்தவனுக்குச் சோறு எவ்வாறோ அவ்வாறே தோட்டத்தவனுக்கு ரொட்டி; ஆகவே மாவுப் பங்கீடு அவனையே கூடுதலாகத் தாக்கிற்று. நெல் விளையும் மாவட்டங்களிலிருந்து அரிசியை வெளியே கொண்டுசெல்லத் தடை விதிக்கப்பட்டு வீதிகளிற் காவல் தடைகள் போடப்பட்டன. சிங்களத்தில் 'ஹால் பொல்ல' எனப்பட்ட இத்தடைகளால் நெல் விளையாத மலைநாட்டில் வெளிச் சந்தை அரிசி விலை ஏழைக்கு எட்டாததாயிற்று.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக வேலையே குறைந்தது. தோட்டத்தில் மாதச் சம்பளம் இல்லை. பெரட்டுக்களத்தில் பேர் விழுந்தாற்றான் கூலி. பல தோட்டங்களில் வாரத்துக்கு மூன்று, நான்கு நாள் வேலையே கொடுக்கப்பட்டது. குறித்த இறாத்தல் கொழுந்து எடுக்காதவளுக்கு அரைப் பேர். ஆண்களிலும் பெண்களுக்குக் கூலி குறைவு. அவ்வேற்றத்தாழ்வு 1984இலேயே நீங்கிற்று. கூப்பன் அரிசியையும் மாவையும் தோட்ட நிருவாகமே பெற்று வழங்கி, அவற்றின் விலையைச் செக்ரோலிற் கழித்துக்கொண்டது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களின்போது சில தோட்டங்களிலிருந்து தொழிலாளர் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டமையும் இங்கு நினைக்கத்தக்கது. கண்டியிலும் கொழும்பிலும் தெருவோரங்களிற் கையேந்தி நின்றோருள் மலையகத்தவர் பெருகினர்.

எண்களும் இதனையே சொல்கின்றன. 1973இல் ஆயிரத்துக்கு 8க்கும் குறைவாயிருந்த தீவின் இறப்பு வீதம் 1974இல் ஏறக்குறைய 9 ஆயிற்று. ஒன்றுதானே ஏறிற்று என எண்ணத் தோன்றும். அந்த ஒன்று தீவெங்கும் பரந்து விழவில்லை. தோட்டங்களிலேயே பெருமளவு குவிந்தது. தேசிய ரீதியில் ஆயிரம் பிறப்புக்கு 50 அளவில் இருந்த சிசு மரணம் தோட்டங்களில் 100க்கு மேற்பட்டது. சராசரி என்பது சில வேளைகளில் ஒரு திரைச்சீலை.

அமர்த்தியா சென் 1981இல் வெளியிட்ட தம் நூலில், பஞ்சம் என்பது உணவு இல்லாமையால் அன்று, உணவின்மேல் உரித்து இல்லாமையால் விளைவது என வாதிட்டார். 1974இல் தோட்டத் தொழிலாளனின் நிலை இதற்குத் தக்க சான்று. அவனிடம் இருந்த ஒரே உரித்து அவனது உழைப்பு. அதனை வாங்குவோர் குறைந்த நாளில், அவனுக்காகப் பேசவேண்டிய தேவை எந்தத் தொகுதியின் உறுப்பினருக்கும் இருக்கவில்லை.

இவ்விடத்தில் வடக்கை நோக்கித் திரும்பவேண்டியுள்ளது. ஏனெனில் மலையகத்தைப் பட்டினியில் ஆழ்த்திய அதே அந்நியச் செலாவணி நெருக்கடிதான் வடக்கை வளப்படுத்தியது. மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இறக்குமதிக்கு விதிக்கப்பட்ட கட்டுப்பாடுகளால் உள்ளூர் விலை உயர்ந்தது. செத்தல் மிளகாய் விற்ற பணத்தில் இறைப்பு இயந்திரம் வாங்கியவரும் கல்வீடு கட்டியவரும் பலர். என் பாட்டனாரும் அவருள் ஒருவர். கிளிநொச்சியில் அவர் கட்டிய வீட்டை ஊரார் மிளகாய் வீடு என்றே அழைத்தனர். அம்மிளகாயைப் பிடுங்கிக் காயவிட்டோர் யார்? மலையகத்திலிருந்து பசியோடு இறங்கி வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்த குடும்பங்களே. 1977ஆம் ஆண்டு இனக்கலவரத்தின் பின் மேலும் பலர் வந்தனர். இருவகை நினைவுகளும் சந்தித்த இடம் அந்த மிளகாய்த் தோட்டங்கள்.

அக்காலம் பற்றிப் பாட்டனாரிடம் வினவியபோது மிளகாய் விலையை ஆண்டு ஆண்டாகச் சொன்னார். வேலைக்கு வந்தவர்கள் எந்தத் தோட்டத்தவர் எனக் கேட்டேன். அதை ஒருவரும் விசாரிப்பதில்லை என்றார். அவர்களை நம்மூரார் எந்தச் சொல்லால் அழைத்தனர் என்பதை இவ்விதழின் வாசகர் அறிவர். அதனை இங்கு எழுத என் பேனா ஒப்பவில்லை. பாட்டனார் கொடியவர் அல்லர். கூலியைக் குறித்த நாளிற் கொடுத்தவர் என்றே கேள்வி. ஆயினும் மலிவான அக்கூலியில் ஒரு பங்கு, 1974இன் பசி அளித்தது என்பதை மறுப்பது வரலாற்று மாணவனுக்கு அழகன்று.

வாக்கு இருந்தாற் பசி தீரும் என்று முடிவுகட்டிவிடவும் முடியாது. வாரத்துக்கு 8 இறாத்தல் தானியம் என்ற வாக்குறுதியோடு 1977இல் பதவிக்கு வந்த அரசாங்கமே, 1978இல் பங்கீட்டைச் சனத்தொகையின் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மட்டுப்படுத்தி, 1979 செப்டெம்பரில் அதற்குப் பதிலாக உணவு முத்திரையைக் கொண்டுவந்தது. முத்திரையின் பெறுமதி ரூபாயில் நிலைபெற்றிருந்தமையால் பணவீக்கம் அதனை அரித்துத் தின்றது. மாத வருமானம் 300 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பமே அதற்கு உரியது. கமக்காரனும் சிறு வியாபாரியும் தம் வருமானத்தைத் தாமே கூறலாம்; தோட்டத் தொழிலாளனின் வருமானமோ செக்ரோலில் மையால் எழுதப்பட்டிருந்தது. கணவனும் மனைவியும் பிள்ளையும் உழைத்த கூலியைக் கூட்டினால் எல்லையைத் தாண்டும். ஆகவே தோட்டக் குடும்பங்களிற் பெரும்பாலானவை விலக்கப்பட்டன.

1988, 2003ஆம் ஆண்டுச் சட்டங்களால் குடியுரிமைப் பிரச்சினை சட்டப்படி தீர்ந்தது. வாக்கு வந்தது, அமைச்சர்களும் வந்தனர். காணி வரவில்லை, நாட்கூலி முறையும் போகவில்லை. 2021இல் இரசாயன உரத் தடை விளைச்சலைக் குறைக்க, மறு ஆண்டு அந்நியச் செலாவணி வற்ற, நாடு மீண்டும் வரிசைகளில் நின்றது. நீண்ட போராட்டத்தின் பின் 2021இல் கிடைத்த 1,000 ரூபாய் நாட்சம்பளத்தில், 2022இல் ஒரு கிலோ கோதுமை மாவுக்கே 300 ரூபாய்க்கு மேல் கொடுக்கவேண்டியதாயிற்று. அவ்வாண்டில் உலக உணவுத் திட்டம் நடத்திய ஆய்வுகளில், நாடெங்கும் பத்துக் குடும்பங்களில் ஏறக்குறைய மூன்று போதிய உணவின்றி இருந்தன. தோட்டப் பகுதியில் அது பாதிக்கு மேல். வன்னிக்கு இறங்கிவந்தோரின் பிள்ளைகளுள்ளும் பலர், ஐம்பது ஆண்டுகளாகத் தாம் வெட்டித் திருத்திய காணிக்கு உறுதியில்லாமல் இருக்கின்றனர்.