டிஸ்போசல் லாரிக் காலம்

1945-இல் போர் முடிந்ததும், பட்டாளத்துக்கு வேண்டாத வண்டிகளை அரசாங்கம் ஏலத்தில் விட்டது. செவர்லே, ஃபோர்டு, டாட்ஜ், வில்லிஸ் ஜீப் என்று எல்லாம் கலந்து வந்தன. எங்கள் கோயம்புத்தூர்ப் பக்கம் அவற்றுக்கு 'டிஸ்போசல் வண்டி' என்று பேர். பெட்ரோல் ரேஷனில், கரிவாயு அடுப்பைப் பின்னால் கட்டிக்கொண்டு பஸ் ஓட்டிய காலம் அது. ஏலத்தில் எடுத்த லாரிக்கு மரத்தில் பாடி கட்டிப் பஞ்சுப் பொதியும் ஆனைமலைத் தேக்கும் ஏற்றினார்கள்.

அவற்றில் பல கனடாவில் செய்தவை. போருக்கென்று அந்த நாடு 8 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைச் செய்தது. பாதிக்கு மேல் மூக்குச் சப்பையான ராணுவ லாரிகள்தான். ஸ்டியரிங் நம் ஊர்போல வலப்பக்கம். முன்கண்ணாடி கீழ்ப்பக்கம் உள்வாங்கிச் சாய்ந்திருக்கும். வெயில் பட்டு மின்னி ஆகாய விமானத்துக்குக் காட்டிக் கொடுக்கக் கூடாது என்பதற்காக. இன்ஜின் டிரைவரின் இடுப்போரம் உட்கார்ந்திருக்கும். சித்திரை வெயிலில் அந்தக் கேபினில் உட்கார்ந்து ஓட்டியவர்களை நினைத்தால் இன்றும் கும்பிடத் தோன்றுகிறது.

மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு பட்டறையில் 1968-இல் நான் கையாளாகச் சேர்ந்தபோது அந்த லாரிகளுக்கு வயது இருபத்தைந்து. கம்பெனி ஸ்பேர் என்ற பேச்சே கிடையாது. உடைந்த சாமானைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் போலவே செய்தாக வேண்டும். கோவையின் தொழில் கீர்த்திக்குப் பஞ்சாலையையும் பம்புசெட்டையும்தான் எல்லோரும் சொல்கிறார்கள். டிஸ்போசல் லாரிக்கும் அதில் பங்கு உண்டு என்பது என் தீர்மானமான எண்ணம். பவுண்டரி இருந்தது, பி.எஸ்.ஜி. லேத் இருந்தது. பீளமேட்டில் போர்க்காலத்தில் பிரிட்டிஷ் கடற்படையே 'கருடா' என்ற பெயரில் விமானப் பழுதுபார்ப்புத் தளம் வைத்திருந்தது. தொழிலதிபர் ஜி.டி. நாயுடு கொடுத்த கொடையில் 1945-இல் ஆர்தர் ஹோப் தொழில்நுட்பக் கல்லூரி வந்தது. அவினாசி ரோட்டில் ஹோப் காலேஜ் ஸ்டாப் இன்னும் அந்தப் பெயரைச் சுமக்கிறது. ஆனால் மில்காரர் நூறு சாமான் கேட்பார். லாரிக்காரர் ஒன்றே ஒன்று கேட்பார், அதுவும் விடிவதற்குள். "ஏனுங் மேஸ்திரி, நாளைக்கு லோடு இருக்குதுங்க, வண்டி ஆயிருமுங்களா?" இந்தக் கேள்விக்கு ராத்திரியோடு ராத்திரியாகப் பதில் சொல்லித்தான் எங்கள் பட்டறைகள் கை தேர்ந்தன.

செவர்லேயின் ஆறு சிலிண்டர் இன்ஜினை எடுத்துக்கொள்ளுங்கள். 216 கன அங்குலம், 85 குதிரைசக்தி. அதன் கனெக்டிங் ராடுக்குத் தனியாக பேரிங் கிடையாது. ராடிலேயே ஒயிட் மெட்டல் உருக்கி ஊற்றியிருக்கும். ராடின் அடியிலுள்ள சின்னக் கரண்டி தொட்டி ஆயிலை அள்ளிக்கொள்ள வேண்டும். லோடோடு மேடு ஏறி ஏறி மெட்டல் தேய்ந்ததும் 'டக் டக்' என்று தட்டும். எது தட்டுகிறது என்று பார்க்க இன்ஜினை ஓடவிட்டு, மரப்பிடி ஸ்குரூ டிரைவரால் ஒவ்வொரு பிளக்கின் தலையையும் இன்ஜினோடு தொட வைத்து ஷார்ட் செய்வோம். "அஞ்சாவதுல சத்தம் அடங்குதா பாரு கண்ணு" என்பார் மேஸ்திரி. அடங்கினால் அந்த ராடுதான்.

கொஞ்சத் தேய்மானம் என்றால் ராடுக்கும் மூடிக்கும் நடுவே இருக்கும் மெல்லிய ஷிம்மை இரண்டு பக்கமும் சமமாக உருவினால் போதும். மீறிப் போயிருந்தால் புளோ லேம்ப் வைத்துப் பழைய மெட்டலை இறக்கி, வெள்ளீயம் பூசிப் புதிதாக ஊற்ற வேண்டும். உருகிய மெட்டலில் மேஸ்திரி ஒரு குச்சியை விட்டுப் பார்ப்பார். பழுப்பாகக் கருகினால் பதம். பற்றிக்கொண்டால் சூடு அதிகம். பிறகு ஷாஃப்டில் நீலம் தடவிச் சுற்றி, நீலம் ஒட்டிய மேடுகளை மட்டும் சுரண்ட வேண்டும். அந்தச் சுரண்டியும் பழைய முக்கோண அரத்தைத் தீட்டிச் செய்ததே. கடைசியில் போல்ட்டை முறுக்கி, ராடைக் கிடையாகப் பிடித்து விடுவார். தன் எடைக்கு மெல்ல இறங்க வேண்டும். பொத்தென்று விழுந்தாலும் அசையாமல் நின்றாலும் மறுபடி முதலிலிருந்து.

ஃபோர்டு வி8 வேறு ரகம். புகை போகும் வழி பிளாக்கின் தண்ணீர் அறை நடுவே போவதால் வால்பாறை மேட்டில் கொதித்துவிடும். பெட்ரோல் பம்ப் இன்ஜின் உச்சியில் சூட்டிலேயே இருப்பதால் பெட்ரோல் ஆவியாகி அடைக்கும். ஈரத்துணி சுற்றினால் கிளம்பிவிடும். பேட்டரி வெறும் 6 வோல்ட். எர்த் முனையில் துளித் துரு இருந்தால் போதும், ஸ்டார்ட்டர் அசையாது. இது தெரியாமல் புது பேட்டரி வாங்கிப் பணத்தைத் தொலைத்தவர்கள் அநேகம்.

பிறகு ஜெர்மனியின் மான் கம்பெனி உரிமத்தில் ஜபல்பூரில் 1959 முதல் செய்த சக்திமான் லாரி வந்தது. அடுத்து நிசான் ஒன்-டன், ஜோங்கா. பட்டாளம் கழித்த அந்த வண்டிகளும் ஏலம் வழியாக எங்களிடம் வந்தன. ஜோங்காவின் பெட்ரோல் இன்ஜினைக் கழற்றி டீசல் மாட்டச் சொல்லித்தான் அதிகம் பேர் வருவார்கள். இன்ஜினும் கியர்பாக்ஸும் நேர்கோட்டிலிருந்து சில 'தவ்' (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) விலகினாலும் கிளட்சும் பேரிங்கும் போய்விடும். அங்கேயும் லேத்காரர் கைதான் காப்பாற்றியது.

இப்போது இளைஞர்கள் பழைய மிலிட்டரி வண்டிகளைத் தேடி வாங்கிச் சீர் செய்கிறார்கள். மனசு நிறைகிறது. அவர்களிடம் ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும். போர்க்கால லாரிகளின் சக்கரம் இரண்டு துண்டாக, போல்ட்டால் சேர்த்தது. ஹப்பில் மாட்டும் நட்டு ஒரு வட்டம். இரண்டு துண்டையும் பிடித்திருக்கும் நட்டு வெளிப்பக்கம் இன்னொரு வட்டம். அதைத் தொடக் கூடாது என்பதற்காகச் சிவப்பு அடித்திருப்பார்கள். மேலே பெயின்ட் அடித்து அடித்து அந்தச் சிவப்பு மறைந்திருக்கும். டயரில் காற்று இருக்கும்போது அதைக் கழற்றினால் ரிம் பிய்த்துக்கொண்டு வந்து ஆளை அடித்துவிடும். ஸ்பானர் வைப்பதற்கு முன் வால்வு ஊசியைக் கழற்றிக் காற்றை முழுக்க இறக்குங்கள். வேலை முடிந்ததும் அந்த நட்டுகளுக்கு மறக்காமல் சிவப்பு அடித்து வையுங்கள்.